ஆடி பிறப்பதற்குள் ஒரு வீடு

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். தென்காசி வீட்டை வாங்கியவர்கள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு மதியம் மதுரை வந்து சேர்ந்தேன். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. ஒருத்திக்கு எதற்கு நாலு அறை என்று தம்பி நெல்லையப்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். விற்றதில் என் பங்கைத் தபால் ஆபீஸில் என் பெயரில் போட்டாயிற்று. அவன் பங்கு இந்த வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது.

தம்பி வீடு மதுரையில் என்றுதான் பெயர். நத்தம் ரோட்டில் நெடுந்தூரம் வந்து, அங்கிருந்து மண் ரோட்டில் உள்ளே வர வேண்டும். 'ஸ்ரீநிதி கார்டன்' என்று வளைவு கட்டியிருக்கிறார்கள். வளைவுக்குள் நாலைந்து வீடு எழும்பியிருக்கிறது. மற்றதெல்லாம் எல்லைக்கல் ஊன்றிய வெறும் மனை. காற்று நன்றாக வருகிறது. தண்ணீர் இனிக்கிறது. மொட்டைமாடியில் மயில் வந்து நிற்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"மாடியில ஒனக்குன்னு ஒரு ரூம் எடுத்திருவோம் யக்கா. தனி பாத்ரூம். நீ பாட்டுக்குச் சாமி கும்பிட்டுக்கிட்டு நிம்மதியா இரு" என்றான். அந்த அறைக்கு ஆகும் தொகையும் தபால் ஆபீஸில் இருக்கும் தொகையும் ஏறக்குறைய ஒன்று.

அவன் மனைவி ஹேமா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாவம், அசதி. குழந்தை மிருதுளாவுக்கு இப்போதுதான் ஒரு வயது நிறைந்திருக்கிறது. என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது.

செலவு: பஸ் டிக்கெட், வழியில் இளநீர் ஒன்று. லாரி வாடகையைத் தம்பி கொடுத்துவிட்டான். அவன் சட்டைப்பையில் திருப்பி வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

அப்பா படுக்கையில் கிடந்த நாட்களைத் தவிர, விடியற்காலைத் திருவனந்தல் பூஜையை நான் விட்டதில்லை. தென்காசியில் வாசல் தெளித்துவிட்டு, ஈரக் கையோடு நடந்தால் உலகம்மன் சந்நிதி. அவள் பெயர்தான் எனக்கும், உலகம்மாள். மதுரையில் மீனாட்சிக்கு அதே பூஜை ஐந்து மணிக்கு. இங்கிருந்து முதல் டவுன் பஸ் ஆறே முக்காலுக்கு.

தம்பியிடம் சொன்னேன். "அதுக்கென்ன, யூடியூப்ல வரும். பெரிய டிவியில போட்டு விடுதேன். கூட்டமே இல்லாம பாக்கலாம்" என்றான்.

"தீபாராதனையை டிவியில தொட்டுக் கும்பிட்டா கண்ணாடிதாம்ல சுடும்" என்றேன்.

ஹேமா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "சரி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

வெங்காயம் உரித்தேன். குழந்தைக்கு ராகி கரைத்தேன். செடிக்குத் தண்ணீர் விட்டேன். இது ஒரு வேலையா.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி முதல் தேதி. கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். இரவுத் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். டவுனுக்குள் தனியாக வீடு பார்க்கப் போகிறேன், மாசி வீதிப் பக்கம், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் என்று சொன்னேன்.

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "இங்க என்ன குறை ஒனக்கு?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் எதுக்கு? அந்தச் சந்துக்குள்ள சாக்கடை நாத்தத்துல போயி... தம்பி வீடு இருக்கையில அக்கா ஒத்தையில கெடக்கான்னு ஊரு என்ன சொல்லும்?"

"எந்த ஊருல? தென்காசியை வித்தாச்சு. இந்தக் கார்டன்ல சொல்லுததுக்கு ஆளே இல்ல."

ஹேமா அடுத்த தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். ஆகஸ்ட் முதல் தேதி அவள் பிள்ளைப்பேற்று லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் என்னைக் கேட்டு ஓர் இடம் வந்தது. கோவில்பட்டியில் பாத்திரக்கடை. அம்மா போய் மூன்றாவது வருஷம், தம்பி பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

புரோக்கரோடு நாள் முழுக்க அலைந்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. கால் வலிக்குத்தான் கணக்கு இல்லை.

முதல் வீடு, மேல மாசி வீதி: "எத்தனை பேரு?" "நான் ஒருத்திதான்." "வீட்டுக்காரரு?" "கல்யாணம் ஆகலை." கதவு பாதி சாத்தியபடியே, "பேமிலிக்குத்தான் குடுப்போம்."

இரண்டாவது: "காலேஜ் பொண்ணுகன்னா மூணு பேருக்குக் குடுப்போம். ஒத்தப் பொம்பளைன்னா யோசனையா இருக்கு." மூன்று பேர் இருந்தால் யோசனை இல்லையாம்.

மூன்றாவது வீட்டு அம்மா என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், மறுபடியும் நெற்றியைப் பார்த்தாள். கூட்டிக் கழித்து விடை வராமல், "அவுக வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்தார். "யாராச்சும் கேட்டா வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லிருங்கம்மா. நான் பாத்துக்கிறேன்."

"இல்லாத ஆளுக்கு நான் எந்த நாட்டைச் சொல்ல? அப்புறம் தீபாவளிக்கு ஏன் வரலைன்னு அதுக்கும் ஒரு பதில் சொல்லணும்" என்றேன். டீக்குக் காசு நான் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து. கீழ் போர்ஷன். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் நடை. அடுப்படியில் பகலிலும் லைட் போட வேண்டும். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள். சாக்கடை இருக்கத்தான் செய்கிறது. சந்து முனையில் பூக்கட்டுகிறவள், எதிரே பலசரக்கு, அதற்கு அடுத்து மாவு மிஷின். ஒரு தும்மல் போட்டால் நாலு வீட்டில் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அங்கே கார்டனில் ஒரு நாள் முழுக்கத் தும்மினேன், மயில்தான் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்காரம்மா ராதாபாய். சௌராஷ்டிரக்காரர்கள். மாடியில் குடியிருக்கிறார்கள். அறுபது வயசிருக்கும், வாய் ஓயாது. வாடகைக்கு இல்லை, ஒத்திக்கு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறார்கள். என் பங்கில் முக்கால்வாசிதான் கேட்கிறார்கள்.

"கல்யாணம் ஆகலையா? ஏன்?" என்று நேராகவே கேட்டார்.

"நேரம் இல்லாம போச்சு" என்றேன்.

"இத்தனை வருஷமாவா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, காபி குடிக்கிறீங்களா?" என்றார்.

நிபந்தனை இரண்டுதான். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆடியில் யாரும் குடி புகுவதில்லை. பாலைக் காய்ச்சுவதும் என் வீட்டுச் சுமங்கலியாக இருக்க வேண்டும். "நானே காச்சிருவேன். ஆனா வீட்டுக்காரி காச்சினா லட்சுமி மாடிப்படி ஏறி எங்கூட வந்துரும்பாங்க. உங்களுக்கு எதுக்கு நட்டம்? தம்பி பொண்டாட்டி இருக்காள்ல, அவளை வரச் சொல்லுங்க."

ஜூன் 27, வெள்ளி

தப்புச் செய்துவிட்டேன்.

தொகையைத் தூக்கிக் கொடுக்குமுன் மீனாட்சியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்த்தேன். அப்பா சாகும்வரை எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அரளியில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. ஒரே அளவு வாழை இலைத் துண்டில் மடித்துக் கட்டி, சாமி அலமாரியில் போட்டேன். வெள்ளை என்றால் டவுன் வீடு. சிவப்பு என்றால் இந்த வீடு. இது என் மனசுக்குள் மட்டும் இருந்திருக்க வேண்டும். குழந்தைதான் எடுக்க வேண்டும் என்பதால் ஹேமாவிடம் பிள்ளையைக் கேட்டேன். அவள் எதற்கென்று கேட்டாள். நான் சொல்லித் தொலைத்தேன். அவள் தம்பியையும் கூப்பிட்டுவிட்டாள்.

மிருதுளா ஒரு பொட்டலத்தை எடுத்து நேராக வாயில் வைத்துக்கொண்டது. அரளி விஷம் என்று பதறிப் பிடுங்கிப் பிரித்தேன்.

சிவப்பு.

"பாத்தியா யக்கா? சாமியே சொல்லிட்டு" என்று தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஹேமா என்னைப் பார்க்காமல் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரவு அவள் பாயசம் வைத்தாள். நான் ஒரு கரண்டி சாப்பிட்டேன்.

ஜூன் 28, சனி

மாடிக்கு அளவெடுக்கக் கொத்தனார் வந்தார்.

ஜூன் 30, திங்கள்

இன்று குழந்தை என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இட்லிக்கு அரைத்தேன். பருப்புப் பொடி திரித்தேன். குழந்தையின் கால் கொலுசில் ஒரு திருகாணி காணவில்லை, சோபாவுக்கு அடியில் இருந்தது. புதிதாக எழுத ஒன்றும் இல்லை. அப்பா இருந்தபோது எழுதிய நாட்களைப் புரட்டினேன். அதிலும் இதே மாதிரிதான் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

ஆறே முக்கால் பஸ்ஸில் போனேன். மீனாட்சி சந்நிதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவளிடம் பேசிவிட்டு வந்தேன். பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

"தாயே, உன்னைக் கேட்டேன், நீயும் சொன்னாய். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அதன்படி செய்யப் போவதில்லை. எங்கே இருப்பது என்று எனக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததை உன்னிடம் கேட்டது என் தப்பு, உன் தப்பு இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பூக்கட்டித்தான். கோவில்பட்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பியதும் பூக்கட்டித்தான். எல்லாத் தடவையும் அப்பாவே பொட்டலம் மடித்தார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. போகட்டும். உனக்குக் கோபம் என்றால் என்னிடம் காட்டு. ராதாபாய் வீட்டுச் சுவரில் காட்டாதே, அது ஏற்கெனவே விரிசல்."

பின்னால் நின்றவர், "நகருங்கம்மா, எவ்வளவு நேரம்" என்றார். நகர்ந்தேன்.

நேராகத் தபால் ஆபீஸ். அங்கிருந்து ராதாபாய் வீடு. பத்திரத்தை வரி வரியாக வாசித்தேன். 'குடியிருப்பவர் காலி செய்ய விரும்பினால்' என்பதற்குப் பக்கத்தில் எத்தனை நாளில் தொகை திரும்ப வரும் என்று போடவில்லை. போடச் சொன்னேன். ராதாபாயின் மகன், "எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்றான். "பழைய பேப்பர்ல, பொட்டலம் மடிச்சு வர்ற பேப்பர்ல படிச்சேன்" என்றேன். சேர்த்து எழுதினான். கையெழுத்துப் போட்டேன்.

செலவு: மல்லிகை, அர்ச்சனைத் தட்டு. தட்டு வாங்கியிருக்க வேண்டாம். சண்டை போடப் போகிறவள் வெறுங்கையோடு போனால் என்ன. ஆனாலும் வாங்கினேன்.

ஜூலை 5, சனி

பத்திரத்தைத் தம்பியிடம் காட்டினேன். வாசிக்கவில்லை.

"சாமி வாக்கையே மீறுதியா நீ? தெனமும் கோயில் கோயில்னு போறவ?"

"அவகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன்."

"அவ என்ன சொன்னா?"

"அடுத்த ஆளு வந்துட்டான். கேக்க முடியலை."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. சின்ன வயசில் பம்பரம் தோற்றால் இதே சிவப்பு. "சாமி வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு ஹேமா வந்து பால் காச்ச மாட்டா. சொல்லிட்டேன். சுமங்கலி இல்லாம அந்தம்மா சாவி குடுக்குதான்னு பாப்போம். ஆடி பொறந்துரட்டும், அப்புறம் ஆவணியில யோசிப்போம்."

ஆவணிக்கு முன்னால் ஆகஸ்ட் வந்துவிடும். கொத்தனாரும் வந்துவிடுவார்.

வீட்டு மனுஷி காய்ச்ச வேண்டும் என்பதை நான்தான் அவனிடம் சொன்னேன். பூவையும் நான்தான் சொன்னேன். இனிமேல் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மதியம் ஹேமா அடுப்படியில் வந்து நின்றாள். குழந்தை தூங்குகிறது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தாள்.

"மதினி, நீங்க போயிட்டா நான் வேலையை விடணும்."

"யாரு சொன்னா?"

"அவருதான். அக்கா இருந்தா போ, இல்லாட்டி புள்ளைய யாருகிட்ட விடுறதுன்னு. எங்க ஆபீஸ் பக்கத்துலயே புள்ளை பாத்துக்கிற இடம் இருக்கு. நல்லா இருக்கு, நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். வீட்டுல மனுஷி இருக்கையில எதுக்கு வெளிய விடணுங்குறாரு."

கீரைத்தண்டை ஒடித்தபடி அவள் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. என் கை அவள் தலையைத் தடவப் போனது. தடவினால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று தோன்றியது. கையைக் கீரையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஹேமா, வேலையை விட்டுராத. இந்தக் குடும்பத்துல விட்டது எல்லாம் நான் விட்டதோட போதும்."

"அவரு கேக்க மாட்டாரு மதினி."

"கேக்காட்டி என்ன? நீ சொல்லு. நானும் ஒண்ணும் அவனைக் கேட்டு இந்த முடிவை எடுக்கலை."

"பால் காச்ச நான் வந்தா சண்டை ஆகும்."

"நீ வர வேண்டாம். எனக்காக நீ வீட்டுல ஏச்சு வாங்கக் கூடாது. உனக்காகச் சண்டை போடு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யாரு மதினி காச்சுவா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

ஜூலை 12, சனி

கோயிலில் இரண்டு சுமங்கலிகளிடம் கேட்டேன். ஒருத்தி ஊருக்குப் போகிறாள். இன்னொருத்தி, "உங்க வீட்டு ஆளு இல்லைன்னா அது செல்லாதே" என்கிறாள். இரவெல்லாம் யோசித்தேன். திங்கட்கிழமையை விட்டால் ஆடிக்கு முன் நல்ல நாள் இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஆனி முப்பது. ராகு காலம் ஏழரைக்கு. அதற்குமுன் முடிய வேண்டும்.

வேறு வண்டி வைத்துக்கொள்கிறேன் என்றேன், தம்பி கேட்கவில்லை. விடியுமுன்னே என் பெட்டிகளைத் தன் காரில் ஏற்றினான். சந்துக்குள் கார் வராது. முனையில் நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வந்து வாசலில் வைத்தான். வாசல்படி ஏறவில்லை. "இங்கயே நிக்கேன்" என்றான்.

ராதாபாய் பட்டுச்சேலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மாக்கோலம் அவரே போட்டிருந்தார். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "எங்க, தம்பி பொண்டாட்டி?"

"அவ வரலைம்மா."

"ஐயையோ. அப்ப?" சாவி அவர் முந்தானை முடிச்சில் இருந்தது. கை அந்த முடிச்சின்மேல் போனது.

"ராதாபாயம்மா, ஒரு சந்தேகம். கன்னிப் பொண்ணு பால் காச்சலாமா?"

"தாராளமா! சுமங்கலியை விட விசேஷம். கொலுவுக்குக் கூப்பிட்டு வச்சு, காலைக் கழுவிக் கும்பிடுறோம்ல. தம்பி மக பேரு என்ன சொன்னீங்க? அது ஒரு வயசுப் பச்சப்புள்ளைல, அது எப்பிடிக் காச்சும்?"

"அவ இல்ல. நான்."

என் நரையைப் பார்த்தார். "உங்களுக்கு வயசு..."

"அம்பத்தொண்ணு. எந்தச் சாஸ்திரத்துலயாவது வயசு போட்டிருக்கா? கல்யாணம் ஆகாதவன்னுதான சொல்லியிருக்கு. நான் ஆகாதவதான். எங்க ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுக்கிடுங்க. இத்தனை வருஷமா அதைச் சொல்லித்தான் என்னை ஒவ்வொரு வீட்டு வளைகாப்புலயும் ஓரமா நிக்க வச்சாங்க. இன்னைக்கு அதைச் சொல்லியே உள்ள போறேன்."

ராதாபாய் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. படியில் உட்கார்ந்து, பட்டுச்சேலை அழுக்காவது தெரியாமல் சிரித்தார். "அம்பத்தொரு வயசுக் கன்னி! ஏங்க, மேலேருந்து இறங்கி வாங்க, இந்த அம்மா சொல்றதைக் கேளுங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பூக்காரி எழுந்து வந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "நீங்க சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல. உள்ள போங்க. வலது காலை வச்சு."

வலது காலை வைத்துப் போனேன்.

விளக்கை ஏற்றினேன். முதல் தீக்குச்சி அணைந்துவிட்டது, இரண்டாவதில் பிடித்தது. புது அடுப்பு, புதுப் பாத்திரம். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மேற்கே வழிந்திருந்தாலும் துடைத்துவிட்டுக் கிழக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாமிக்கு வைத்தேன். ராதாபாய்க்கும் அவர் வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். பூக்காரிக்கு ஒரு டம்ளர். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

தம்பி கடைசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். நடந்தது எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும், சந்துக்கே கேட்டது. டம்ளரை நீட்டினேன். வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கினான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சீனி பத்தலையே யக்கா."

அவனுக்கு மூன்று கரண்டி வேண்டும். அப்பாவுக்கும் மூன்று. அந்த வீட்டில் பாலுக்கு அதுதான் அளவு. நானும் அதையே குடித்து வந்தேன்.

"ஒரு கரண்டிதான் போட்டிருக்கேன். எனக்கு அவ்வளவுதான் பிடிக்கும்" என்றேன்.

அவன் டம்ளரையும் என்னையும் பார்த்தான். பிறகு மீதியைக் குடித்தான்.